புள்ளி இல்லாத கைகள்

“உங்க மாமனக் காப்பாத்தத்தான் ஒன்னயக் காலேஜிக்கு அனுப்புனாங்களா?”

பெரியத்தா இப்படிக் கேட்டபோது எங்கள் வீட்டுக் கூடம் நிறைய ஆட்கள் இருந்தார்கள். அம்மா என் முந்தானையைப் பிடித்து உள்ளே இழுத்தாள். நான் நின்ற இடத்திலேயே நின்றேன். எங்கள் குடும்பத்தில் பள்ளிக்கூடம் போன முதல் ஆள் நான். கல்லூரிக்குப் போனதும் நான்தான். என்னைப் பெற்ற அத்தாவுக்குக் கையெழுத்துப் போடச் சொல்லிக் கொடுத்தவளும் நான்தான். அந்தப் படிப்பைக் கொண்டு பொய் சொல்கிறேன் என்று ஒருவர் நாலு பேர் முன்னால் சொன்னால் எப்படி இருக்கும்?

அவர் எனக்கு நேர்ப் பெரியத்தா இல்லை. என் தாய்மாமாவுக்கு வாழ்க்கைப்பட்டு வந்த மாமியின் மூத்த அண்ணன். பெரியப்பா முறை என்று அப்படிக் கூப்பிடுவேன். காட்டுமன்னார்கோயிலில் அரிசி மில் மேஸ்திரி. தங்கையின் உடம்பில் நீலம் நீலமாகக் கன்றிப்போயிருந்த தடங்கள் மாமா அடித்து வந்தவை என்று அவர் நம்பினார். அவை மாமி வேலை பார்க்கும் பெயிண்ட் கம்பெனியில் பெயிண்டைக் கரைக்கிற தின்னரால் வந்தவை என்று நான் சொன்னேன். அதற்குத்தான் அந்தக் கேள்வி. யார் சொல்வது சரி என்பதில் மாமியின் உயிர் தொங்கிக்கொண்டிருந்தது. அது அன்றைக்கு அந்தக் கூடத்தில் எனக்கு மட்டும்தான் தெரிந்திருந்தது.

மாமியை நினைத்தால் எனக்கு முதலில் அவர் நகங்கள்தான் கண்முன் வருகின்றன. குட்டையாக வெட்டி, ஓரத்தில் துளி அழுக்கில்லாமல், அப்போதுதான் உரித்த பூண்டுப் பல் மாதிரி இருக்கும். பெயிண்ட் கம்பெனியில் வேலை பார்க்கிற ஒருவருக்கு அப்படி நகம் இருக்கவே முடியாது. மாமிக்கு இருந்தது.

கம்பெனி கடலூர் பழைய டவுனில், துறைமுகத்துக்குப் போகிற சாலையில் இருந்தது. படகுக்கும் ஜன்னல் கம்பிக்கும் அடிக்கிற பெயிண்ட் அங்கே தயாராகும். அரைக்கிற இடத்திலும் கலக்குகிற இடத்திலும் ஆண்கள். பெண்களுக்குக் கழுவுகிற ஷெட். பெயிண்ட் பட்ட டிரம், வாளி, சல்லடை, கரண்டி எல்லாம் அங்கே வரும். அவற்றில் தின்னரை ஊற்றி ஊறவைத்து, துணியால் துடைத்து, அடுத்த நிறத்துக்குத் தயாராக்கிக் கொடுக்க வேண்டும். காற்று அடித்தால் பக்கத்து ஷெட்டில் காயவைத்திருக்கும் தகடுகளில் தூசி விழுந்துவிடும் என்று கழுவுகிற ஷெட்டின் கதவையும் ஜன்னலையும் சாத்தியே வைத்திருப்பார்கள். நான் ஒரே ஒருமுறை சாப்பாட்டுத் தூக்கு கொடுக்க உள்ளே போயிருக்கிறேன். கண் எரிந்தது. தொண்டையில் ஏதோ இனிப்பாக இறங்கியது.

மாலையில் அங்கிருந்து வெளியே வரும் பெண்களைத் தெருவில் யாரும் அடையாளம் கண்டுகொள்ளலாம். ஒருத்தி முழங்கையில் சிவப்பு இருக்கும், இன்னொருத்தி காதோரம் பச்சை. மாமி மட்டும் கல்யாணத்துக்குப் போய்விட்டு வருகிறவர் மாதிரி வருவார்.

அதற்கு இரண்டு காரணங்கள். ஒன்று, எங்கள் தெருவில் பெண்கள் கம்பெனி வேலைக்குப் போகிற வழக்கம் இல்லை. மாமாவின் தையல் வருமானம் பெருநாளுக்குப் பெருநாள்தான் கொஞ்சம் நிமிரும். அதனால் மாமி போனார். போகிற அடையாளம் உடம்பில் தெரியக் கூடாது என்று அவருக்கு ஒரு வைராக்கியம். இரண்டாவது காரணம்தான் பெரியது. மாமி ஒரு வேளைத் தொழுகையையும் விடமாட்டார். தொழுகைக்கு முன்னால் கை, முகம், கால் கழுவுகிற ஒளுவிலும் குறை வைக்கமாட்டார்.

“பெயிண்டு காஞ்சிடுச்சின்னா அது தோலுக்கு மேல இன்னொரு தோலு. தண்ணி உள்ள போவாது,” என்பார். “ஊசிமொன அளவு எடத்துல தண்ணி படலன்னாலும் ஒளு கூடாது, செல்லாது. ஒளு இல்லாம நின்னுக்கிட்டு குனிஞ்சு எந்திரிச்சா அதுக்குப் பேரு தொழுகயா? கசரத்து!”

ஆகவே நடுப்பகல் லுஹர் தொழுகைக்குப் பாங்கு சொன்னதும் மாமி ஒரு பழந்துணியைத் தின்னரில் முக்குவார். விரல் இடுக்கு, நகக்கண், மணிக்கட்டு, முழங்கை என்று ஒழுங்காகத் தேய்த்துக்கொண்டே வருவார். பிறகு நெற்றி, மூக்கு, காது மடல். பிற்பகல் அஸருக்கு மறுபடியும். கம்பெனியை விட்டுக் கிளம்பும்போது இன்னொரு முறை. அதுவும் போதாது. மருந்துக் குப்பி ஒன்றில் கொஞ்சம் தின்னரை வீட்டுக்கும் கொண்டுவருவார். பொழுது சாய்ந்ததும் தொழுகிற மஃரிபுக்கு முன்னால் கையை விளக்கு வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்ப்பார். மாமா அரிக்கேன் விளக்கைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு நிற்பார்.

“இன்னும் கொஞ்சம் தேச்சா எலும்பு தெரியும்,” என்பார் மாமா.

“எலும்பு தெரிஞ்சா என்னா? எலும்புக்கும் ஒளு செஞ்சிட்டாப் போச்சு. நேராப் புடிங்க, வெளக்கு ஆடுது.”

அந்தக் குப்பி எங்களுக்கெல்லாம் உபயோகப்பட்டது. என் தாவணியில் மை கொட்டினால் மாமிதான் எடுத்துக் கொடுப்பார். தையல் இயந்திரத்தின் எண்ணெய்ப் பிசுக்கு, கதவுத் தாழ்ப்பாளில் பட்ட பெயிண்ட், சின்னப் பிள்ளைகள் காலில் ஒட்டிய தார், எல்லாவற்றுக்கும் அதுதான். கறை போன இடத்தை முகர்ந்து பார்த்து, “ஆங், இப்ப சுத்தம்,” என்பார். அவருக்குச் சுத்தம் என்றால் அந்த வாசனைதான். எனக்கும் அது அப்போது பிடித்திருந்தது. மாமி வருகிறார் என்பதை முடுக்குத் திரும்புவதற்கு முன்பே சொல்லிவிடுவேன்.

கம்பெனி சூப்பர்வைசர் தினமும் ஷெட்டுப் பெண்களுக்கு ஆளுக்கு ஓர் அச்சு வெல்லம் கொடுப்பார். வெல்லம் தின்றால் நெஞ்சில் போன நெடி இறங்கிவிடும் என்று அங்கே எல்லோரும் நம்பினார்கள். மாமி பாதியைக் காகிதத்தில் மடித்து எனக்குக் கொண்டுவருவார். “உள்ள போனதுக்கு வெல்லம், வெளிய ஒட்டுனதுக்குத் தின்னரு. ரெண்டு பக்கமும் கழுவியாச்சு, காலேஜ் புள்ள,” என்பார். அப்போது நான் பள்ளியில்தான் படித்துக்கொண்டிருந்தேன். ஆனாலும் அவர் என்னை அப்படித்தான் கூப்பிடுவார். எங்கள் வீட்டில் அந்த வார்த்தையை முதலில் சொன்னவர் மாமி.

வேலை முடிந்து வந்ததும் மாமிக்குச் சிரிப்பு வரும். காரணமே இருக்காது. வாசலில் சேவல் நின்றால் சிரிப்பார். மாமா சட்டைப் பொத்தானை மாற்றிப் போட்டிருந்தால் உட்கார்ந்து வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரிப்பார். நடக்கும்போது தோணியில் நிற்பவர் மாதிரி கொஞ்சம் ஆடுவார். நாங்களும் கூடச் சேர்ந்து சிரிப்போம். இரவுச் சாப்பாட்டு நேரத்துக்குள் அது வடிந்து, தலையைப் பிடித்துக்கொண்டு சுருண்டுவிடுவார். “வெயிலு,” என்பார். மழைக்காலத்திலும் அதையேதான் சொன்னார்.

நீலத் தடங்களைத் தெரு முதன்முதலாகப் பார்த்தது ஒரு பெருநாளுக்கு முந்திய வாரம். வளையல்காரி வந்திருந்தாள். மாமியின் கையை அமுக்கிப் பிடித்துக் கண்ணாடி வளையலை ஏற்றினாள். வழக்கமாக எல்லோருக்கும் செய்வதுதான். மறுநாள் பார்த்தால் மாமியின் கையில் நான்கு விரலும் கட்டைவிரலும் கருநீலமாகப் பதிந்திருந்தன. எதிர்வீட்டுப் பெண்மணி கையைப் பிடித்துத் திருப்பிப் பார்த்தார்.

“என்னாடி இது, அஞ்சு வெரலும் அச்சா உழுந்துருக்கு?”

“வளையக்காரி புடிச்சது.”

“கரண்டக்கால்லயும் இருக்குதே. அங்கயுமா வளைய போட்டா?”

மாமிக்குச் சிரிப்பு வந்துவிட்டது. “எங்க வூட்டுக்காரரச் சொல்றீங்களா? கொசு கடிச்சாக்கூட அடிக்கிறதுக்கு என்னயத்தான் கூப்புடுவாரு அவுரு!”

“அடி வாங்குறவ எல்லாரும் இப்புடித்தான்டி சிரிப்பா,” என்றார் எதிர்வீட்டுப் பெண்மணி. அவர் கெட்டவர் இல்லை. மாமிக்காக உண்மையிலேயே வருத்தப்பட்டார். அதனால்தான் தெரு முழுவதும் சொன்னார்.

அதன்பிறகு மாமாவின் கடைக்குப் பெண்கள் ரவிக்கைத் துணி கொடுத்தனுப்புவதை நிறுத்தினார்கள். டீக்கடையில் அவர் உட்கார்ந்தால் பெஞ்சு காலியாயிற்று. மாமா ஒருவரிடமும் எதிர்த்துப் பேசவில்லை. பேசாமல் இருந்ததே குற்றத்தை ஒப்புக்கொண்டதாக ஆகிவிட்டது. தையல் குறையக் குறைய மாமியின் சம்பளம்தான் வீட்டைத் தாங்கியது. ஷெட்டில் கூடுதல் நேரம் நிற்க ஆரம்பித்தார். அவரைக் காப்பாற்ற நினைத்த தெருவே அவரை அந்தச் சாத்திய கதவுக்குள் இன்னும் தள்ளியது.

காட்டுமன்னார்கோயிலுக்குச் செய்தி போய்ச் சேர்ந்தது. பெரியத்தா வந்து தங்கையைக் கூட்டிக்கொண்டு போய்விட்டார். மாமாவைப் பார்த்து ஒரு சொல் பேசவில்லை. அதுவரை மச்சான் மச்சான் என்று தோளில் கை போட்டவர், அன்றைக்கு “அவன்” என்றார்.

அண்ணன் வீட்டில் மாமி இரண்டு மாதம் இருந்தார். குப்பியின் நெடி தாங்காமல் அண்ணி அதை வந்த அன்றைக்கே வாய்க்காலில் எறிந்துவிட்டார். மாமியின் முகத்தில் இரத்தம் ஏறியது. தடங்கள் மஞ்சளாகி மறைந்தன. புதிதாக ஒன்றும் வரவில்லை. தலைவலியும் போயிற்று. அதைவிட வேறு சாட்சி வேண்டுமா? புருஷனை விட்டு வந்தாள், உடம்பு தேறிவிட்டது. ஜமாத்தில் கூப்பிட்டு மாமாவை நடுவில் உட்காரவைத்துப் புத்தி சொன்னார்கள். இனிமேல் கை நீட்டமாட்டேன் என்று சொல்லச் சொன்னார்கள். செய்யாததை இனிமேல் செய்யமாட்டேன் என்று எப்படிச் சொல்வது? மாமா சொன்னார். மாமி திரும்பி வர வேண்டுமே, அதற்காகச் சொன்னார்.

மாமி திரும்பி வந்தார். மறுநாள் ஷெட்டுக்குப் போனார்.

அந்த வருஷம்தான் நான் சிதம்பரத்துக்குப் படிக்கப் போனேன். வேதியியல். ரயிலேற்றிவிட மாமி வந்திருந்தார். பெட்டியின் பூட்டில் இருந்த எண்ணெய்ப் பிசுக்கை முந்தானைக்குள்ளிருந்து குப்பியை எடுத்து அங்கேயே துடைத்துவிட்டார். “போற எடத்துல எவளும் நம்மள அழுக்குன்னு சொல்லக் கூடாது,” என்றார்.

ஆய்வுக்கூடத்தில் ஒருநாள் என் விரல்களில் மெழுகு ஒட்டிக்கொண்டது. மேசையில் இருந்த பாட்டிலை எடுத்துக் கையில் கவிழ்த்துத் தேய்த்தேன். மாமி தேய்ப்பதைப் பார்த்துப் பழகிய கை அது. வாசனை மேலே வந்ததும் சட்டென்று வீட்டு ஞாபகம் வந்தது. மாமியின் குப்பி வாசனைதான் அது. எங்கள் விரிவுரையாளர் அம்மையார் அறையின் அந்தக் கோடியிலிருந்து கத்திக்கொண்டே ஓடிவந்தார்.

“பென்சீன்ல கை கழுவுறியா? யாரு சொல்லிக் குடுத்தா ஒனக்கு?”

“எங்க மாமி தினம் கழுவுவாங்க, மேடம்.”

அவர் என்னைக் குழாயடிக்கு இழுத்துக்கொண்டு போய்ச் சோப்புப் போட்டுக் கழுவிவிட்டார். பிறகு நாற்காலியில் உட்காரவைத்து ஒவ்வொன்றாகக் கேட்டார். மாமி என்ன வேலை செய்கிறார், ஜன்னல் திறந்திருக்குமா, தலை சுற்றுமா, பல் விளக்கும்போது இரத்தம் வருமா. கடைசியில், “ஒடம்புல அங்கங்க நீலமாக் கன்னிப்போவுதா? அடிபடாமலே?” என்றார்.

எனக்கு அழுகை வந்துவிட்டது.

“உங்க மாமி தேய்க்கிற தின்னர்லயும் இந்த பென்சீன்தான் இருக்கும். அது மூச்சு வழியாவும் போவும், தோல் வழியாவும் போவும்மா. எலும்புக்குள்ள ரத்தம் ஊறுற எடத்தப் போயிக் கெடுக்கும். ரத்தம் ஊறலன்னா தொட்ட எடமெல்லாம் கன்னும். மொதல்ல அவுங்கள அந்த எடத்த விட்டு வெளிய கொண்டா,” என்றார்.

அந்த வெள்ளிக்கிழமையே ரயிலேறினேன். வழியெல்லாம் ஒவ்வொன்றும் தானாகப் பொருந்திக்கொண்டே வந்தது. காரணமில்லாத சிரிப்பு, தோணியில் நிற்பது போன்ற நடை, மழைக்காலத்திலும் சொன்ன வெயில், காட்டுமன்னார்கோயிலில் மறைந்த தடங்கள். மாமி அங்கே மாமாவை மட்டும் விட்டுப் போகவில்லை, தின்னரையும் விட்டுப் போயிருந்தார்.

மாமி நான் சொன்னதை முழுவதும் கேட்டார். தன் கைகளை ஒருமுறை பார்த்துக்கொண்டார்.

“அப்ப பெயிண்டோட தொழுவச் சொல்றியா?”

“தேங்கா எண்ண போட்டுத் தேச்சு, அப்பறம் சீயக்கா போடுங்க மாமி. ஓரளவு போயிடும்.”

“ஓரளவு போனா ஓரளவுதான் ஒளு.”

“கை மட்டும் இல்ல மாமி. அந்த ஷெட்டுக் காத்தே கூடாது. வேலைய வுட்டுடுங்க.”

“வுட்டுட்டு? உங்க மாமா எனக்காவ ஊருல அடிகாரன்னு பேரு வாங்கிக்கிட்டு ஒக்காந்துருக்காரு. தைக்கத் துணி வரல. நான் வுட்டா அடுப்பு?” பிறகு சிரித்து, என் கன்னத்தைத் தட்டினார். “ஏண்டி, அழுக்கு ஒடம்பக் கெடுக்கும்னு சொன்னா நம்பலாம். அழுக்க எடுக்குறது கெடுக்கும்னு ஒங்க காலேஜிலதான் சொல்லுவாங்க.”

மாமா பள்ளிவாசலுக்குப் போய் ஹஜ்ரத்திடம் கேட்டுவிட்டு வந்தார். உடம்புக்குக் கெடுதல் என்றால் மார்க்கத்தில் சலுகை உண்டு, முடிந்த அளவு எடுத்தால் போதும் என்று அவர் சொல்லியிருந்தார். மாமி, “சலுக முடியாதவுங்களுக்கு. எனக்குத்தான் முடியிதே,” என்றார். ஆனால் எனக்காக ஒரு வாரம் தேங்காய் எண்ணெய் போட்டுப் பார்த்தார். தொழுகை நேரம் தவறிப் போயிற்று. அதோடு விட்டுவிட்டார்.

தடங்கள் மறுபடி வந்தன. இந்த முறை தொடாத இடத்திலும் வந்தன. பெரியத்தா இரண்டு தம்பிகளையும் கூட்டிக்கொண்டு வந்தார். விடுமுறைக்கு வந்திருந்த நான் அப்போதுதான் எங்கள் வீட்டுக் கூடத்தில் பென்சீனைப் பற்றிச் சொன்னேன். அதற்குத்தான் பெரியத்தா, மாமனைக் காப்பாற்றவா காலேஜுக்கு அனுப்பினார்கள் என்ற அந்தக் கேள்வியைக் கேட்டார். தலாக் வாங்கியே தீருவது என்று முடிவாகிவிட்டது. மழைக்காலம் முடிந்ததும் ஜமாத்தில் வைத்துப் பேசுவதாக ஏற்பாடு. மாமி மூட்டையைக் கட்டும்போது மாமாவைப் பார்த்து, “வெளக்குத் திரிய வெட்டிப் போடுங்க, பொகையிது,” என்று மட்டும் சொன்னார். அண்ணன்கள் முன்னால் அதற்குமேல் என்ன சொல்ல முடியும்?

ஒரு விதத்தில் எனக்கு நிம்மதி. மாமா மேல் பழி வந்தாலும் மாமி ஷெட்டை விட்டுப் போகிறார். போன முறை மாதிரித் தேறிவிடுவார் என்று நினைத்தேன். விரிவுரையாளர் அம்மையாரிடம் சொன்னபோது அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

ஐப்பசி மழையில் ஒருநாள் விடுதிக் காவலாளி வந்து, என்னைப் பார்க்க ஆள் வந்திருப்பதாகச் சொன்னான். வாசலில் பெரியத்தா நின்றார். குடை கையில் இருந்தது, விரிக்கவில்லை. வேட்டி முழங்கால் வரை சேறு.

“பாப்பா,” என்றார். என்னை அவர் அப்படிக் கூப்பிட்டதே இல்லை. “எங்க வூட்டுல... எங் கண்ணு முன்னால... யாரும் தொடல பாப்பா. பாயில படுத்து எந்திரிச்சா முதுகெல்லாம் நீலமா இருக்குது. எஞ் சின்ன மவன் மடியில ஏறி ஒக்காந்தான், தொட கன்னிப்போச்சு. பல்லுல ரத்தம் நிக்கல.” குடையைச் சுவரில் சாய்த்தார். “இப்ப யார அடிக்கச் சொல்ற என்னய?”

மாமியை வாடகைக் காரில் கொண்டுவந்து சிதம்பரத்தில் ஆஸ்பத்திரியில் சேர்த்திருந்தார்கள். டாக்டர் இரத்தம் எடுத்துப் பார்த்துவிட்டு, என்ன வேலை செய்தார் என்று முதலில் கேட்டார். நான் சொன்னேன். அதுதான் என்று அவர் தலையை ஆட்டினார். பெரியத்தா எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டு நின்றார்.

கடலூரிலிருந்து மாமா வந்தார். ஆஸ்பத்திரி நடையில் ஒரு பெஞ்சு. அதில் ஒரு கோடியில் பெரியத்தா, மறு கோடியில் மாமா. பிறகு பெரியத்தா எழுந்துபோய் இரண்டு கிளாஸ் டீ வாங்கிவந்தார்.

“குடிங்க மச்சான்,” என்றார்.

மாமா கிளாஸை வாங்கிக்கொண்டார். குடிக்க முடியவில்லை அவரால்.

பெரியத்தாவின் இரத்தம் மாமிக்குச் சேர்ந்தது. ஏற்றினார்கள். முகம் கொஞ்சம் தெளிந்ததும் மாமி மாமாவைப் பக்கத்தில் கூப்பிட்டார். “எங்கண்ணன் ரத்தம் ஏறியிருக்கு. இனிமே எனக்குக் கோவம் ஜாஸ்தி வரும். பாத்து நடந்துக்குங்க.” நர்ஸ்கூடச் சிரித்தாள்.

அன்று மாலை மாமி என்னிடம் தன் கையை நீட்டினார். ஊசி குத்திய இடத்தில் ஊதா மருந்து தடவி, அது வழிந்து நகக்கண் வரை ஓடியிருந்தது. ஈரத் துணியால் துடைத்தேன். போகவில்லை. இன்னும் அழுத்தித் துடைத்தால் கன்றிவிடும் என்று கையை எடுத்துவிட்டேன்.

மாமி நகத்தை ஜன்னல் வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தார். “சாயந்தானே,” என்றார். “பெயிண்டு மாதிரி மேல ஏடு கட்டல. ஒளு கூடும், இருக்கட்டும்.”

படுத்தபடியே தொழுதார். கையில் கறையோடு மாமி தொழுததை நான் அன்றைக்குத்தான் பார்த்தேன்.

அந்த மழைக்காலம் முடிவதை மாமி பார்க்கவில்லை. கடலூருக்குக் கொண்டுபோனோம். குளிப்பாட்டிய பெண்களில் எதிர்வீட்டுப் பெண்மணியும் ஒருவர். இரண்டு மாதமாகப் புருஷன் வீட்டையே மிதிக்காத உடம்பில் அத்தனை நீலத்தையும் அவர் பார்த்தார். வெளியே வந்து, மாமா நின்ற பக்கம் திரும்பாமல், சுவரைப் பிடித்துக்கொண்டு வீட்டுக்குப் போனார்.

நான் தேர்வில் முதல் வகுப்பில் வந்தேன். இப்போது கடலூரில் பெண்கள் பள்ளியில் விஞ்ஞானம் சொல்லிக் கொடுக்கிறேன். கம்பெனிக்கு ஒருநாள் போய், கழுவுகிற ஷெட்டின் ஜன்னலைத் திறந்து வையுங்கள், தின்னரைக் கையால் தொடவிடாதீர்கள் என்று சொன்னேன். சூப்பர்வைசர் என்னை உட்காரச் சொல்லி மரியாதையாகத்தான் பேசினார். “வெல்லத்தோட வாழப்பழமும் சேத்துக் குடுக்கச் சொல்றேங்க,” என்றார். தொழிற்சாலைகளைச் சோதிக்கும் அதிகாரியைப் போய்ப் பார்த்தேன். வந்து பார்ப்பதாகச் சொல்லியிருக்கிறார். இன்னும் வரவில்லை.

போன வாரம் ஷெட்டிலிருந்து வெளியே வந்த ஒரு பெண்ணை வாசலில் நிறுத்திப் பேசினேன். மாமி நின்ற இடத்தில் இப்போது நிற்பவள். கடலோரக் குப்பத்தில் வீடு. கழுத்தோரம் நீலம் தெரிந்தது. கேட்டவுடனே, “அவுரு இல்லக்கா, சத்தியமா இல்ல. கேக்குறவுங்களுக்குச் சொல்லிச் சொல்லி வாயே வலிக்கிது,” என்றாள். பேசும்போது ஈறில் இரத்தம் கசிந்தது. ஆஸ்பத்திரிக்கு வா என்றேன். புருஷன் யாரையும் வீட்டுப் பக்கம் விடுவதில்லை என்றாள்.

பெரியத்தாவுக்குச் சொல்லியனுப்பினேன். முதல் பஸ்ஸில் வந்துவிட்டார். இருவரும் இன்று காலையில் குப்பத்துக்குப் போனோம். தண்ணீர்க் குழாயடியில் நின்ற பெண்கள் வீட்டைக் காட்டும்போதே குரலைத் தாழ்த்தி, “அந்த ஆளு கை நீட்டுற ஆளு, சாக்கிரதை,” என்றார்கள். பெரியத்தா தலையைக் குனிந்துகொண்டு முன்னால் நடந்தார்.

கதவைத் திறந்தவன் என் வயதுக்காரன்தான். தூங்காத கண். “நீங்களும் என்னயத் திட்டத்தான வந்தீங்க? திட்டிட்டுப் போங்க,” என்றான். அவனுக்குப் பின்னால் அந்தப் பெண் வாசல் நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

“நீங்க அடிக்கலன்னு எங்களுக்குத் தெரியும்,” என்றேன். “சட்டயப் போட்டுக்கிட்டு அவுங்களையும் கூட்டிக்கிட்டு வாங்க. டாக்டர்கிட்ட சொல்லி வச்சிருக்கேன்.”

அவன் என்னையும் பெரியத்தாவையும் பார்த்தான். பிறகு அங்கேயே, வாசற்படியிலேயே உட்கார்ந்து, முகத்தை மூடிக்கொண்டு அழுதான். பெரியத்தா குனிந்து அவன் தோளைத் தொட்டு எழுப்பினார்.

ஒன்பது மணி டவுன் பஸ்ஸில் நாங்கள் நாலு பேரும் ஏறினோம்.